பெயர் சொல்ல மறுத்த சாட்சி

சென்ற மாதம் ஷர்மிளா கூப்பிட்டாள். பினாங்கில், பாயான் பாருவில் ஒரு சின்ன வக்கீல் அலுவலகத்தில் இருக்கிறாள். கெட்டிக்காரி. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு மாதிரிப் படிவம் எங்கேயோ இருக்கிறது என்று நம்பும் தலைமுறை.

"புனிதா அக்கா, எனக்கு ஒராங் அஸ்லி லேண்ட் கேஸ் ஒன்னு வந்திருக்கு. நீங்க செஞ்சிருக்கீங்கதானே? விட்னஸ் ஸ்டேட்மெண்ட் டெம்ப்ளேட் இருந்தா வாட்ஸ்அப் பண்ணுங்கலா."

இருக்கிறது, தேடி அனுப்புகிறேன் என்றேன். ஓய்வு பெற்ற வக்கீலிடம் நேரமும் பழைய கோப்புகளும் தவிர வேறு என்ன இருக்கும்? ஆயர் ஈத்தாம் வீட்டின் பின்னறையில் அந்த வழக்கின் சாட்சி வாக்குமூலத்தை எடுத்து வைத்துப் படித்தேன். அழகாகப் பத்தி பிரித்து, எண் போட்டு, இணைப்புகள் குறித்து, எந்த நீதிபதியும் குறை சொல்ல முடியாதபடி எழுதப்பட்டது. அதை நம்பித்தான் ஒரு கிராமமே ஏறக்குறைய நிலத்தை இழந்தது. அதனால் ஷர்மிளாவுக்குப் படிவத்தை அனுப்பும் முன் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா; அவருக்கு நான் டாக்டராகவில்லை என்ற வருத்தம் கடைசிவரை இருந்தது. சட்டம் படித்துவிட்டு ஜார்ஜ் டவுனில், பீச் ஸ்திரீட் மாடி அலுவலகம் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பாஸ் என்று எல்லாரும் கூப்பிட்ட மூத்த வக்கீலின் அங்கியைத் தூக்கினேன், நீதிமன்றப் பதிவகத்தில் எந்த கவுண்டர் எப்போது தேநீருக்கு மூடும் என்று மனப்பாடம் செய்தேன், பிறகு அங்கேயே தங்கிவிட்டேன்.

பாஸும் எங்களைப் போல யாழ்ப்பாணத்து வழி வந்தவர். அவருக்கு அங்கே ஒரு பரப்புக் காணிகூடக் கிடையாது. "வேலிக்குச் சண்டை போட்டே ஊரை விட்டு வந்த பரம்பரை நாம. லேண்ட் கேஸ் நம்ம ரத்தத்துல இருக்கு," என்பார். வெள்ளைக் கால்சட்டை மட்டும்தான் போடுவார். யார் அறைக்குள் வந்தாலும் எழுந்து நிற்பார். வங்கி மேலாளருக்கும் அப்படித்தான், தண்ணீர் போத்தல் கொண்டு வருபவருக்கும் அப்படித்தான். இளையவர்கள் எழுதிய வரைவைப் பச்சை மையால் திருத்துவார். ஒரு பத்தி பிடிக்கவில்லை என்றால் அதன் ஓரத்தில் மூன்றே சொற்கள் எழுதுவார்: "இதை யாரு கேட்டா?" முதல் வருடம் என் வரைவுகளில் என் எழுத்தைவிட அந்தப் பச்சை எழுத்தே அதிகம் இருந்தது.

அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. சாட்சியிடம் பதில் தெரியாத கேள்வியை நீதிமன்றத்தில் கேட்கவே கூடாது. எல்லா வக்கீல்களும் இதைச் சொல்வார்கள். பாஸ் அதைக் கடைப்பிடிக்கவும் செய்தார், அதுதான் வித்தியாசம்.

பூசு எங்கள் அலுவலகத்துக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. மேல் பேராக்கில், கிரிக் தாண்டி உள்ளே போகும் ஒரு மலைக் கிராமத்தின் தலைவர். ஒராங் அஸ்லி, அதாவது இந்த மலாயத் தீபகற்பத்தின் ஆதிக்குடி. மருமகள் அனி வேனை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். பூசு கையில் பெத்தாய்க் கொத்து ஒன்று, வீச்சமடிக்கும் காட்டு அவரை. பாஸ் எழுந்து நின்றார். பூசு தம்மை வெளியே போகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கதவுப் பக்கம் திரும்பினார். இருவரையும் உட்கார வைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெத்தாயைக் கோப்பு அலமாரியின் மேல் வைத்தோம். அந்த வாரம் வந்த எல்லாக் கட்சிக்காரர்களும் மூக்கைச் சுளித்தார்கள்.

விஷயம் இதுதான். அவர்கள் கிராமம் இருந்த பள்ளத்தாக்கு ஒரு தோட்ட நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ஒரு காலையில் புல்டோசர் ஆற்றங்கரை வரை வந்துவிட்டது.

"கிராண்ட் இருக்கா?" என்று பாஸ் கேட்டார். நிலப் பட்டாவை இங்கே அப்படித்தான் சொல்வோம்.

பூசு சிரித்தார். அவர் மலாயில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன். "நாங்க இருந்தோம். கிராண்ட் அப்புறம்தானே வந்துச்சு?"

பாஸ் என்னைப் பார்த்தார். "இதை எழுதிக்கோ. இதுதான் நம்ம கேஸ்."

சட்டம் அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டு நிலச் சட்டத்தில் பதிவுதான் எல்லாம். பதிவேட்டில் பெயர் இருப்பவன் உரிமையாளன், இல்லாதவன் ஆக்கிரமிப்பாளன். அந்தச் சட்டம் வருமுன்பே ஒரு மக்கள் தங்கள் வழக்கப்படி ஒரு நிலத்தில் வாழ்ந்து வந்திருந்தால், அந்த வழக்குரிமை பதிவு இல்லாமலும் உயிரோடிருக்கும் என்று நீதிமன்றங்கள் பிற்காலத்தில் ஏற்றுக்கொண்டன. ஆனால் நிரூபிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்தோம், விட்டுப் போகவில்லை என்று காட்ட வேண்டும். காகிதம் வைத்துக்கொள்ளாத மக்கள் காகிதத்தையே நம்பும் இடத்தில் வந்து அதைக் காட்ட வேண்டும். முதலில் வேலையை நிறுத்த இடைக்காலத் தடை வாங்கினோம். புல்டோசர் ஆற்றங்கரையிலேயே நின்றது, வழக்கு முடியும் வரை.

ஆதாரம் திரட்டப் பலமுறை மேலே போனோம். பாஸ் அங்கேயும் வெள்ளைக் கால்சட்டைதான். அட்டைகளுக்கு அது விருந்தாக இருந்திருக்க வேண்டும். முதல் பயணத்தில் முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளி போட்ட துணிபோல ஆகிவிட்டது. அனி சிரிப்பை அடக்க ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டுரியான் மரங்களைப் படம் எடுத்தோம், பெத்தாய் மரங்களுக்கு எண் போட்டோம், ஓடைகளுக்கு அவர்கள் சொல்லும் பெயர்களை வரைபடத்தில் குறித்தோம். மனிதவியல் ஆய்வாளர் ஒருவர் அறிக்கையும் கொடுத்தார். நாங்கள் நிலத்தைப் பற்றிக் கேட்டோம், அவர் நிலத்தைப் பற்றி எழுதினார். கேட்காததை எழுதக் கூடாது என்று வக்கீல்களே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போலும்.

பிறகு பூசுவின் வாக்குமூலம். பெரிய வரைபடத்தை மேசையில் விரித்து, உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் பாஸ். பூசு ஓடை ஒன்று ஆற்றில் சேரும் இடத்தில் விரலை வைத்தார். கோல பெரா. தாத்தா? விரல் கொஞ்சம் மேலே போனது. அவருக்கு முந்தியவர்? இன்னும் மேலே. பாஸுக்கு மகிழ்ச்சி. "பாரு, எவ்வளவு க்ளியரா சொல்றார்." அந்த இடங்களை எல்லாம் "மூதாதையர் வசித்த பழைய குடியிருப்புகள்" என்று தலைப்புப் போட்டு எழுதினோம். எண் போட்டோம். வாசித்துக் காட்டியபோது பூசு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, படித்தவர்களுக்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டார். வக்கீல்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. எங்களுக்கு ஓர் இடத்தைக் காட்டினால் விலாசமாகத்தான் தெரியும்.

விசாரணை தைப்பிங்கில். மழைக்குப் பேர் போன ஊர், எங்களை ஏமாற்றவில்லை. முந்தின நாள் மாலை பாஸ் பூசுவுக்கு நடைமுறையை விளக்கினார்.

"நீங்க கூண்டுல ஏறின பிறகு, சாட்சி சொல்லி முடிக்கிற வரைக்கும், நான் உங்ககிட்ட கேஸைப் பத்திப் பேசக் கூடாது. வழியில பார்த்தாலும் மூஞ்சிய திருப்பிக்குவேன். கோபம்னு நினைச்சுக்காதீங்க."

பூசுவுக்கு இது கொஞ்சமும் விசித்திரமாகப் படவில்லை. "எங்க ஊர்ல மாமியார்கிட்ட அப்படித்தான். நேரா பேசக் கூடாது, எதிரே வந்தா ஒதுங்கிக்கணும். அப்போ நாளைக்கு நீங்க என் மாமியார்."

"எத்தனை மணிக்கு முடியுதோ அதுவரைக்கும் மாமியார்," என்றார் பாஸ். அனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலை பூசுவின் குறுக்கு விசாரணை. நிறுவனத்தின் வக்கீல் கெட்டிக்காரர், முரடர் இல்லை. குரலை உயர்த்தாமல், கோபப்படாமல் கேட்பார். அந்த வகைதான் ஆபத்து.

"உங்கள் தந்தையின் பெயர் என்ன?"

பூசு பேசவில்லை.

"கேள்வி புரிந்ததா?"

"புரிஞ்சது."

"தாத்தாவின் பெயர்?"

பூசு கூண்டின் மரச்சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "சாட்சி பதில் சொல்ல வேண்டும்," என்றார், மென்மையாகத்தான்.

"தெரியும்," என்றார் பூசு. "சொல்ல மாட்டேன்."

சொல்ல மறுப்பதும் நீதிமன்றத்தில் ஒரு குற்றம். எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு அடி பின்னால் போய் நின்று, சாட்சியைப் பார்க்காமல் நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்: "யாங் அரிஃப், இந்த நிலம் தன் தாத்தாவின் தாத்தா காலத்திலிருந்து தங்களுடையது என்கிறார் சாட்சி. அவர்களில் ஒருவர் பெயரைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. வேறு கேள்விகள் எனக்கு இல்லை." உணவு இடைவேளைக்கு நேரமாகியிருந்தது. சாட்சியை அழைத்த தரப்பு மீண்டும் கேட்கும் மறு விசாரணை பிற்பகலில் என்று நீதிபதி எழுந்தார்.

குறுக்கு விசாரணை முடிந்தாயிற்றே, போய்க் கேட்டுவிடலாமே என்றேன். பாஸ் தலையை ஆட்டினார். "சாட்சி இன்னும் கூண்டுலதான் இருக்கார், மறு விசாரணை பாக்கி. இப்ப நான் போய்ப் பேசினா, சொல்லிக் கொடுத்த பதில்னு சொல்வாங்க. அதுக்கு அப்புறம் அவர் எதைச் சொன்னாலும் மதிப்பு இருக்காது." அனியிடம் கேட்கலாமா? "அவ அவர் பக்கத்துலதான் உட்காரப் போறா. வேணாம்."

நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கோப்பிக் கடை. ஒரு மூலையில் பூசுவும் ஊர்க்காரர்களும். எதிர் மூலையில் நானும் பாஸும். பாஸ் அவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். மீ கோரிங் வந்தது, தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் ஒரு தட்டில் அவித்த மரவள்ளியும் துருவிய தேங்காயும் கொண்டு வந்து வைத்தார்.

"அந்தப் பக்கத்துல இருந்து. மாமியாருக்காம்," என்றார், புரியாத முகத்தோடு.

பாஸ் திரும்பிப் பார்க்காமல் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். அவர் கண் கலங்கியதா என்று கேட்காதீர்கள், தேங்காயில் மிளகாய் இருந்திருக்கலாம்.

அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பட்டது. "பாஸ், மாமியார்கிட்ட நேரா பேசக் கூடாதுன்னு ஒரு வழக்கம் இருக்குன்னா, செத்தவங்க பேரைச் சொல்லக் கூடாதுன்னும் ஒன்னு இருக்கலாம்லா."

"இருக்கலாம்."

"அதுதான் காரணம்னா, கேட்டா சொல்வார்."

"இருக்கலாம், சொல்லலாம். இந்த ரெண்டு 'லாமை' நம்பி நான் எழுந்து நிக்கணும்." மரவள்ளியைச் சவைத்தார். "வேற காரணம் ஏதாவது சொன்னார்னு வை. மறந்துட்டேன், வெட்கமா இருக்குன்னு சொன்னார்னு வை. அதோட முடிஞ்சது. கேக்காம விட்டா, வாதத்துல ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்."

"சமாளிச்சா ஜெயிப்போமா?"

அவர் ஒரு துடைப்புத் தாளில் பச்சை மையால் ஏதோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார்.

மறு விசாரணையில் வக்கீலின் கை கட்டப்பட்டிருக்கும். குறுக்கு விசாரணையில் எழுந்ததை மட்டுமே தொடலாம். பதிலை உள்ளே வைத்துக் கேள்வி கேட்க முடியாது. "உங்கள் வழக்கப்படி இறந்தவர் பெயரைச் சொல்லக் கூடாது, அப்படித்தானே?" என்று கேட்டால் எதிர்த்தரப்பு துள்ளி எழும். கேள்வி திறந்திருக்க வேண்டும். திறந்த கேள்விக்குள் என்ன வந்து விழும் என்று யாருக்கும் தெரியாது.

பிற்பகலில் பாஸ் எழுந்தார். அங்கியைச் சரி செய்தார். எனக்குத் தெரிந்த அத்தனை வருடத்தில் முதல் முறையாக, பதில் தெரியாத கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"இன்னைக்குக் காலையில, தெரியும், சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க. ஏன்?"

பூசு அவரைப் பார்த்தார். மாமியார் பேசலாமா என்று யோசித்திருப்பார்.

"புதைச்ச பிறகு பேரைச் சொல்லக் கூடாது. கூப்பிட்ட மாதிரி ஆயிடும். அவங்களுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்."

"அப்போ அவங்களைப் பத்திப் பேசணும்னா எப்படிச் சொல்வீங்க?"

"எங்க இருக்காங்களோ அதைச் சொல்வோம். எங்கப்பா கோல பெராவுல இருக்கிறவர். தாத்தா கல் பாறைக்கு மேல இருக்கிறவர். அவரோட அம்மா பெரிய டுரியானுக்குக் கீழே இருக்கிறவங்க." இங்கே அவர் வேகம் எடுத்துவிட்டார். பெரியப்பாக்கள், அத்தைகள், காய்ச்சல் வந்த வருடம் போன பிள்ளைகள், ஒவ்வொருவரும் ஓர் ஓடை, ஒரு மேடு, ஒரு மரம். காலையில் வாய் திறக்காத மனிதர் இப்போது நிறுத்தவில்லை.

நீதிபதி, "கொஞ்சம் இருங்கள்," என்றார். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட வரைபடத்தைக் கேட்டு வாங்கி மேசையில் விரித்தார். பென்சிலை எடுத்தார். "முதலிலிருந்து சொல்லுங்கள்." பூசு சொல்லச் சொல்ல, நீதிபதி ஒவ்வோர் இடத்திலும் சின்னதாக ஒரு குறி போட்டுக்கொண்டே போனார். நாங்கள் பழைய குடியிருப்பு என்று எண் போட்ட இடங்களெல்லாம் கல்லறைகள். குறிகள் ஆற்றோடு மேலே ஏறின. நிறுவனத்தின் வக்கீல் ஆட்சேபிக்கப் பாதி எழுந்தார், பிறகு உட்கார்ந்து அவரும் தன் பிரதியில் குறி போட ஆரம்பித்தார். இன்றும் அவர்மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கு அதுதான் காரணம்.

கடைசிக் கல்லறை மலை முகட்டில் போய் நின்றது. நீதிபதியின் பென்சிலும் நின்றது.

"வக்கீல் அவர்களே, இந்த இடம் உங்கள் கோரிக்கை எல்லைக்கு வெளியே இருக்கிறதே?"

பாஸ் மெதுவாகச் சொன்னார்: "ஆமாம், யாங் அரிஃப். எல்லை நான் போட்டது. அவர் போட்டதல்ல."

எல்லையைத் திருத்த அங்கேயே அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. முகடு ஏற்கெனவே வேறொருவர் பெயருக்குப் போயிருந்தது, அந்த ஆள் வழக்கில் கட்சிக்காரரும் அல்ல. சட்டப்படி சரியான உத்தரவு. தீர்ப்பில் பள்ளத்தாக்கு கிராமத்துக்கு வந்தது. முகடு வரவில்லை. புல்டோசர் திரும்பிப் போன அன்று அனி எனக்கு ஒரு படம் அனுப்பினாள்: ஆற்றங்கரைச் சேற்றில் அதன் தடம், அதற்குள் நின்று சிரிக்கும் பூசு. முகட்டில் இப்போது டுரியான் தோட்டம். அங்கே இருக்கும் அவர்களின் மூத்தவரைப் போய்ப் பார்க்க வருடத்தில் ஒருநாள் வேலிக் கதவைத் திறந்து விடுகிறார்கள். அந்த ஏற்பாட்டைத் தோட்டக்காரரிடம் பேசி முடித்துக் கொடுத்தவர், எதிர்த்தரப்பில் நின்ற அதே வக்கீல்தான். கட்டணம் வாங்கவில்லை. இதை நான் எழுதியது தெரிந்தால் கோபிப்பார்.

பாஸுக்கு அந்த முகடு கடைசிவரை உறுத்தியது. அந்த வாக்குமூலத்தின் பிரதியை எடுத்து, "பழைய குடியிருப்புகள்" என்ற தலைப்பின் ஓரத்தில் பச்சை மையால் தன் மூன்று சொற்களையும் எழுதி வைத்திருந்தார். அவர் போன பிறகு மேசையைக் காலி செய்யும்போதுதான் பார்த்தேன்.

ஈமக் கடன் முடிந்து சில நாட்களில் பூசுவும் அனியும் அதே வேனில் வந்தார்கள், அதே பெத்தாயோடு. பூசு நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்டார்:

"அவரை எங்கே வெச்சீங்க?"

"எரிச்சோம். சாம்பலைக் கடல்ல கரைச்சுட்டோம்."

பூசு கலவரமாகிவிட்டார். "கடல்ல எங்கே?"

கடலில் எங்கே என்று என்னிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை. யோசித்தேன். படகு போன திசையைச் சொன்னேன். "தெலுக் பாஹாங்குக்கு வெளியே. கலங்கரை விளக்கத்துக்கு நேரே."

அவர் முகம் தெளிந்தது. அனியிடம் தங்கள் மொழியில் அதைச் சொன்னார், அவளும் திருப்பிச் சொன்னாள். அதற்குப் பிறகு அன்று மாலை வரை, பாஸின் வெள்ளைக் கால்சட்டை, அட்டைகள், மரவள்ளித் தட்டு எல்லாவற்றையும் பேசிச் சிரித்தோம். யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை, தேவைப்படவும் இல்லை. பூசு நன்றாக இருக்கிறார். அதனால்தான் அவர் பெயரை இவ்வளவு தாராளமாக எழுத முடிந்தது.

நேற்று ஷர்மிளாவுக்குப் படிவத்தை அனுப்பினேன், இந்தக் கட்டுரை வருகிறது, படித்துவிட்டுப் பயன்படுத்து என்ற குறிப்போடு. உடனே பதில் வந்தது.

"தேங்க்ஸ்கா. அந்த கேஸ்ல உங்க லீட் கவுன்சல் பேரு என்னக்கா? போட்டுத் தேடினா ஜட்ஜ்மெண்ட் கிடைக்கும்."

தீர்ப்புத் தொகுப்பில் அச்சாகியிருக்கிறது, பட்டங்களோடு. எனக்கு இந்த நம்பிக்கைகள் எதுவும் கிடையாது. வழக்கு எண்ணை அனுப்பினேன். பெயரைத் தட்டத் தொடங்கி, அழித்துவிட்டு, இப்படி அனுப்பினேன்: "தெலுக் பாஹாங்கில், கலங்கரை விளக்கத்துக்கு நேரே இருக்கிறவர். பெயர் சொல்ல மாட்டேன்."

பிறகு ஒரே ஒரு சொல் வந்தது.

"ஏன்?"

நல்லது. இனி அவள் தன் சாட்சியிடம் போகலாம்.